களிமண்ணுக்குள் ஓர் அகழி

நான் டிகர் ஓட்டுகிறேன். இந்தியாவில் இதைச் சிலர் ஜேசிபி என்பார்கள், சிலர் பொக்லைன் என்பார்கள். ஆக்லாந்தில் எல்லாருக்கும் இது டிகர்தான். இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து போகும் உடம்பு, நீண்ட கை, கையின் நுனியில் பக்கெட், நடுவில் கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் நான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட வெளியே வந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டகைக்காக நிலத்தை வெட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். நான் டிகரைப் பார்ப்பேன். கைதேர்ந்த ஒருவர் ஓட்டினால் இயந்திரம் கத்தாது. சோற்றுக்குள் அகப்பை இறங்குகிற மாதிரி பக்கெட் மண்ணுக்குள் இறங்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, நானும் இதைப் படிக்கப் போகிறேன் என்றேன்.

“உனக்கென்ன விசரே?” என்று கேட்டார் அண்ணா. அவர்தான் என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர்.

விசர்தான், பைத்தியம்தான். படித்தேன், லைசென்ஸ் எடுத்தேன். முதல் வேலைத்தளத்தில் என்னைக் கண்டவர்கள் நான் யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். இப்போது சரிவான இடத்தில் குழாய் புதைப்பதென்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கினால், பல தெருக்கள் கடலுக்கு மேலே ஒரு மேட்டில் போய் முடியும். அப்படி ஒரு மேடு விரல்போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. ஒரு பக்கம்தான் நிலத்தோடு ஒட்டு. மேலே வெறும் புல்வெளி, ஒரு மர இருக்கை, நாயோடு நடக்க வருகிறவர்கள். பெருமழை பெய்த வருடத்தில் அந்த மேட்டில் முடியும் தெருவின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அதனால் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக, புல்வெளியின் நடுவே ஒரு பெரிய குழாய் புதைப்பது என்று முடிவாகி, அந்த வேலை எங்களுக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலை. மேல்மண்ணை அள்ளி ஒருபக்கம் போட்டுவிட்டு, அடியில் இருந்த மஞ்சள் களிமண்ணை வெட்டிக்கொண்டு போனேன். ஆக்லாந்தின் மஞ்சள் களி எனக்கு நன்றாகப் பழக்கம். ஈரமென்றால் பக்கெட்டில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல். அன்று அளவான ஈரம், அழகாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று பக்கெட் லேசாயிற்று. கைப்பிடியில் அந்த மாற்றம் தெரிந்தது. களி வெட்டுப்படும்போது ஒரு இழுவை இருக்கும். அது இல்லை. பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தால், கறுத்த மண். கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள்.

இயந்திரத்தை நிறுத்தினேன்.

பள்ளத்தின் சுவரில், மஞ்சள் களிக்கு நடுவே, கறுப்பாக ஒரு வடிவம் தெரிந்தது. மேலே அகலம், கீழே ஒடுக்கம், ஒரு பெரிய புனலை நெடுக்காக அறுத்துவைத்த மாதிரி. இரண்டு ஓரமும் நேராக, சுத்தமாக இருந்தன. மழை அரித்த ஓரம் அப்படி இருக்காது.

எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். அவர் தொங்காத் தீவுக்காரர், மலை மாதிரி உடம்பு, ஆனால் குரல் மெல்லியது. அங்கே எல்லாரும் கதைத்தது ஆங்கிலத்தில்தான். எனக்கு அது என் தமிழில்தான் ஞாபகமிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

“ஏன் நிப்பாட்டினீர்?”

“இந்தச் சுவரைப் பாருங்கோ. இது ஒருக்கா வெட்டி, பிறகு மூடின மண்.”

“குப்பைக் கிடங்கா இருக்குமோ?”

“குப்பைக்கு ஆரும் இவ்வளவு வடிவாச் சுவர் வெட்டமாட்டினம்.”

அவர் குனிந்து பார்த்தார். ஒரு சிப்பியைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். “சரி. இறங்கும். திறப்பை என்னட்டத் தாரும்” என்றார். டிகரின் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.

பழைய காலத்துத் தடயம் ஏதாவது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் சட்டம், வேலை வேலை. அவர் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் நிறுவன முகாமையாளரின் குரல் எனக்கே கேட்டது. மழை வருகிறது, குழாய் இறங்க வேண்டும், யாராவது பண்ணைக்காரன் செத்த மாட்டைப் புதைத்திருப்பான், தொடருங்கள் என்றார்.

மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்கட ஓட்டுநர் மாடில்லை எண்டு சொல்லுறா. டிகர்த் திறப்பு என்ர பொக்கற்றுக்குள்ள கிடக்கு. ஆக்களை அனுப்புங்கோ.”

ஃபோனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “எப்பிடித் தெரியும் உமக்கு?” என்று கேட்டார். கேட்டதில் சந்தேகம் இல்லை. ஆவலாகத்தான் கேட்டார். அப்போது நான் முழுதாகச் சொல்லவில்லை. “நானும் வெட்டியிருக்கிறன்” என்று மட்டும் சொன்னேன்.

சண்டை நடந்தபோது வன்னியில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த காலம் அது. போகும் இடத்தில் எல்லாம் முதல் வேலை, ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டுவதுதான். அப்பாவும் அண்ணாவும் அலவாங்கால், அதாவது கடப்பாரையால், குத்தி மண்ணை இளக்குவார்கள். நான் மண்வெட்டியால் அள்ளி மேலே எறிவேன். அம்மா தன் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைப்பா. வெட்டிய மண்ணையே அந்தப் பைகளில் நிரப்பி விளிம்பைச் சுற்றி அடுக்குவோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே திரும்பவும் மண். ஒருநாள் மத்தியானம் ஷெல் விழுந்தபோது நாங்கள் நான்கு பேரும் அப்படியான ஒன்றுக்குள் இருந்தோம். வெளியே வந்தபோது எங்கள் கொட்டில் இல்லை. நாங்கள் இருந்தோம்.

அந்த இடத்தை விட்டுப் புறப்படும்போது அப்பா பங்கரை மூடச் சொல்வார். மாடு விழுந்துவிடும் என்பார். மூடும்போது பார்த்திருக்கிறேன்: எவ்வளவு கவனமாகப் போட்டாலும் மண் பழைய ஒழுங்கில் போய் இருக்காது. மேல்மண் அடியில் போகும், அடிமண் நடுவில் வரும், நிறம் கலந்துவிடும். ஒருதரம் வெட்டிய மண் வெட்டிய மண்தான். சண்டை முடிந்து பல வருடம் கழித்துக் கணவரோடு போய்ப் பார்த்தேன். அங்கே மண் அணைகளையும் பங்கர்களையும் புல்டோசரால் மட்டமாக்கியிருந்தார்கள். எங்கள் வேலையைக் காட்ட ஒரு குவியல் மண்கூட இருக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் தொல்லியலாளர். இங்கிலாந்தில் பிறந்து, பாதி வாழ்க்கையை இங்கே கழித்தவர், நரைத்த தலை, முழங்காலில் ஒட்டுப்போட்ட காற்சட்டை. மற்றவர் அந்தக் கரைக்கு உரிய பூர்வகுடிகளான மாவோரி மக்களின் சார்பில் வந்தவர். என் வயதுதான் இருக்கும். மழைச் சப்பாத்தோடு வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று, முதலில் தங்கள் மொழியில் ஒரு பிரார்த்தனை சொன்னார். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

தொல்லியலாளர் சின்னக் கரண்டியால் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கறுப்பின் ஓரம் இன்னும் தெளிந்து வந்தது. கரித்துண்டுகள், சிப்பிகள், வெந்து வெடித்த கற்கள். பிறகு எழுந்து நின்று, நிலத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது அகழி” என்றார். “மூண்டு பக்கமும் கடல் காவல். நாலாம் பக்கத்தை இப்பிடிக் குறுக்கால வெட்டி மறிச்சிருக்கினம். வெட்டின மண்ணை உள்பக்கம் அணையாப் போட்டு, அதுக்கு மேல மரவேலி. நாங்கள் நிக்கிறது ஒரு கோட்டைக்குள்ள.”

மாவோரிப் பெண் தலையசைத்தார். “இந்த முனையில எங்கட ஆக்கள் இருந்தவையெண்டு எங்கட வீட்டில சொல்லுவினம். ஆனா காட்டுறதுக்கு ஒண்டும் இருக்கேல்ல. பண்ணைக்காரர் அணையை இழுத்து அகழிக்குள்ளயே தள்ளி மூடிப்போட்டினம்” என்றவர், திரும்பி, “ஆர் இதை நிப்பாட்டினது?” என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் என்னைக் காட்டினார். அந்தப் பெண் என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, தன் நெற்றியையும் மூக்கையும் என் நெற்றியோடும் மூக்கோடும் சேர்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவர்கள் வணக்கம் சொல்லும் முறை அது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என் முகமெல்லாம் டீசல் மணம் அடிக்கும் என்று ஒரு யோசனை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

தேநீர் நேரத்தில் ட்ரக்கின் பின்தட்டில் நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தொல்லியலாளர் தன் ஃபோனில் ஒரு படம் காட்டினார். அவர் பிறந்த ஊர். பச்சைப் பசேலென்று ஒரு கூம்பு மேடு. சுற்றிவரப் பள்ளம். மேட்டோடு ஒட்டி, தாழ்வாக, வரம்பு கட்டிய முற்றம் மாதிரி ஒரு வெளி. அதில் செம்மறிகள் மேய்கின்றன.

“நோர்மன்காரர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச காலத்தில கட்டினது. மேட்டில கோபுரம், கீழ முற்றத்தில குதிரையும் வீரர்களும். எல்லாம் மரம். மரம் உக்கிப் போச்சு. மண் மட்டும் அப்பிடியே நிக்குது. சின்னனில நாங்கள் அதில சறுக்கி விளையாடுவம்.”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலைக்காரக் கண்ணுக்கு முதலில் தெரிவது கணக்குத்தான். “மேட்டுக்குரிய மண் முழுக்க இந்தப் பள்ளத்தில இருந்து வந்திருக்கு” என்றேன்.

“ஓம், அதேதான்” என்று சிரித்தார். “அகழியும் மேடும் ஒரே வேலை.”

மாவோரிப் பெண் படத்தை வாங்கிப் பார்த்தார். “ஆர் வெட்டினது?”

“தோத்த சனம். பிடிச்சவன் தன்ர காவலுக்கு அவையைக்கொண்டு வெட்டுவிச்சான்.”

மாவோரிப் பெண் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் பள்ளத்தில் தெரிந்த கறுப்பைப் பார்த்தார். “இதை எங்கட ஆக்கள் தங்களுக்காகத்தான் வெட்டினவை. இரும்பு இல்லை. கூர்மரத்தால குத்தி, கூடையில சுமந்து. பொம்பிளையளும்தான்” என்றார்.

அப்போதுதான் நான் பங்கரைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடமாக வேலைத்தளத்தில் யாருக்கும் சொன்னதில்லை. பாவம் பார்க்கிற முகத்தை நான் விரும்புவதில்லை. அம்மாவின் சேலைப் பைகளையும், மண்வெட்டி என் கையில் தந்த காய்ப்பையும் சொன்னேன். அவர்கள் பாவம் பார்க்கவில்லை. “எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார் தொல்லியலாளர். “என்ன மண்?” என்று கேட்டார் மற்றவர். “களியெண்டா சுவர் நிக்கும், மணலெண்டா இடியுமே, என்ன செய்வீங்கள்?” அந்தக் கேள்விகளில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாங்கள் அகதிகளாக ஓடினோம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நாங்கள் நன்றாக வெட்டினோம் என்பதை அன்றுதான் ஒருவர் கேட்டு, நான் சொன்னேன்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சேலத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நாங்கள் சந்தித்தது கோயில் மடப்பள்ளியில், இரண்டு பேரும் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கப் போன இடத்தில்.

“இஞ்சேருங்கோ, நான் வெட்டின கிடங்குக்குள்ள ஒரு கோட்டை வந்திருக்கு.”

“கிடங்குன்னா குடோன்தானே? குடோனுக்குள்ள எப்படிக் கோட்டை வரும்?”

“எங்களுக்குக் கிடங்கெண்டா குழி. பழைய தமிழில அகழிக்கும் அதுதான் பேர்.”

“அப்போ நீங்க பேசுறதுதான் ஒரிஜினல் தமிழ்னு சொல்லு” என்று சிரித்தவர், நான் சொல்லச் சொல்லச் சிரிப்பை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கடைசியில், “நான் இதை வந்து பாக்கணும்” என்றார்.

எனக்கு அது புதிது. அவர் என் வேலையைத் தடுத்ததில்லை. ஆனால் அவருடைய ஊரில் யாராவது கேட்டால், “சிவில் லைன்ல இருக்கா” என்று சொல்லி முடித்துவிடுவார். தன் அம்மாவுக்குப் புரியாது என்பார். நான் சண்டை பிடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் காதில் அது விழத்தான் செய்தது.

அடுத்த வாரம் முகாமையாளர் நேரில் வந்தார். தொல்லியலாளரோடு பள்ளத்தில் இறங்கி, அந்தக் கறுத்த சுவருக்கு முன் நின்றார். நல்ல மனிதர்தான், அவருடைய நெருக்கடி அவருக்கு. மேலே ஏறி வந்து, “குழாயை ரோட்டு வழியாக் கொண்டுபோகலாம். கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்” என்றார். பிறகு என்னிடம், “கோபத்தில மாடெண்டு சொல்லிப்போட்டன்” என்றார். “இதுக்குள்ள மாடு வந்தாலும் நான் நிப்பாட்டியிருப்பன்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஆனால் அகழி ஒரு சரிவிலிருந்து மறு சரிவுவரை முழுதாக இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மேல்மண்ணை மட்டும் நீக்க வேண்டும், அடியில் இருப்பதைத் தொடக்கூடாது. கையால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும். டிகரால் செய்யலாம், பல் இல்லாத தட்டைப் பக்கெட்டைப் போட்டு, சீவல் சீவலாக. யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது மாவோரிப் பெண் இழுக்கவில்லை. “கண்டுபிடிச்சவாவே ஓட்டட்டும்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை என் வாழ்க்கையில் நான் டிகர் ஓட்டிய நாட்களிலேயே மிகச் சிறந்தது. வானம் வெளுத்திருந்தது. தொல்லியலாளர் பக்கெட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார், கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும். தோசைக்கல்லில் மாவைப் பரப்புகிறவள் கரண்டியை அழுத்துவதில்லை. அதன் பாரத்தையே விடுவாள். அப்படித்தான் பக்கெட்டை விட்டேன். ஒரு விரல் தடிப்புக்குப் புல்லும் வேரும் சுருண்டு வரும். அடியில் மஞ்சள். இன்னும் ஒரு சீவல், மஞ்சள். அடுத்த சீவலில் கறுப்பின் விளிம்பு. அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். கறுப்பு ஒரு சிறு வளைவு எடுத்து, மர இருக்கைக்கு முன்னால் போய், மறு பக்கத்துச் சரிவு விளிம்பில் கடலைப் பார்த்து முடிந்தது. எங்கும் அறுபடவில்லை. முழு அகழி.

மேற்பார்வையாளர் வேலிக்கு வெளியே நின்ற தெருச் சனத்திடம், “ஒரு சிப்பிகூட உடையேல்ல” என்று சொல்வது கூண்டுக்குள் கேட்டது. தன்னுடைய பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரல்.

கணவர் மதியச் சாப்பாட்டோடு வந்திருந்தார். நான் சீவிக்கொண்டிருக்கும்போது வேலியோரம் நின்று ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். படமெடுக்கிறார் என்று நினைத்தேன். இயந்திரத்தை அணைத்து இறங்கியதும்தான் தெரிந்தது, சேலத்தில் இருக்கும் மாமியை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார்.

“அம்மா, அந்த பொக்லைன் ஓட்டுனது யாருன்னு தெரியுதா? இப்ப ஹெல்மெட்டக் கழட்டுறா பாருங்க.”

“யாருடா அது… ஐயோ, நம்ம பொண்ணா!”

“ஆமாம்மா. இதான் அவ வேலை. இந்த ஊர்லயே பெரிய ஆளு.”

மாமி திரைக்கு இன்னும் கிட்ட வந்து பார்த்தார். பிறகு ஃபோனுக்குள்ளிருந்து சத்தம் வெடித்தது. “இத ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல? சிவில் லைனு சிவில் லைனுன்னு, நான் ஏதோ கடையில கணக்கு எழுதுறான்னுல்ல நெனச்சேன்! இங்க ஏரியத் தூர்வார வந்தவன் கரையையே ஒடச்சிட்டுப் போய்ட்டான். அம்மாடி, நீ லீவுல வரும்போது அந்தக் கரைய என்னன்னு பாரு!”

“வாறன் மாமி, பாக்கிறன்” என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கிரீஸ் ஒட்டும் என்று சொல்லியும் விடவில்லை.

அளந்து, படமெடுத்து, வரைந்து முடித்த பிறகு அகழியை மூடுவது என்று தீர்மானித்தார்கள். திறந்து வைத்தால் மழை அரித்துவிடும். துணி விரித்து, மேலே மண் போட்டு, முன்பு போலத் தட்டையாக இல்லாமல், அகழியின் வடிவம் தெரியும்படி ஒரு மெல்லிய தாழ்வு விட்டோம். அணை இருந்த பக்கம் ஒரு மெல்லிய உயரம். அந்த மண்ணையும் நான்தான் போட்டேன். புல் விதைத்தார்கள்.

புல் முளைத்தபோது மாவோரிப் பெண்ணின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு காலையில் வந்தார்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள், வேலைக்குப் போகிற வழியில் வந்தவர்கள். ஒரு சரிவிலிருந்து மறு சரிவுவரை, அகழி ஓடும் தாழ்வு நெடுக, தோளோடு தோள் நின்றார்கள். மேற்பார்வையாளரையும் என்னையும் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார்கள். நான் வேலைச் சட்டையோடே நின்றேன். அவர்கள் பாடியபோது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் என் கால்களுக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்பாவும் அம்மாவும் அன்று உயிரோடு இருந்திருந்தால் அந்த வரிசையில் அவர்களையும் நிறுத்தியிருப்பேன்.

பாட்டு முடிந்ததும் தேநீரும் ரொட்டியும் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற டிகரில் ஏறினேன். ரோட்டு வழியாகப் போகும் குழாய்க்கு இன்னும் பாதித் தூரம் வெட்ட வேண்டியிருந்தது.